வெந்நீரின் சூடு யாருடையது?

பழுதுபட்ட பொருள் ஒன்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், இறுதியில் எஞ்சுவது பழைய பொருள்தானா, அதன் பெயரைச் சுமந்து நிற்கும் வேறொன்றா என்னும் வினாவை மெய்யியலார் தேரையும் கப்பலையும் குடத்தையும் எடுத்துக்காட்டாக வைத்தே பெரும்பாலும் ஆராய்ந்து வந்துள்ளனர். இம்மூன்றும் தமக்கென ஒரு வடிவமும், கண்ணுக்குப் புலப்படும் எல்லையும் உடையவை. ஆதலால் எத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் 'இது அதுவே' என்று சொல்லத் தூண்டுகின்றன. தனக்கென்று முகம் ஏதுமற்ற, பிறவற்றிடம் இரவல் வாங்கியே இயங்குகிற ஒரு கருவியை எடுத்துக்கொண்டால் வினா இன்னும் கூர்மையடையும். பழைய கார்களின் டேஷ்போர்டுக்கு அடியில், பயணியின் கால்மாட்டில் மறைந்திருக்கும் ஹீட்டரும், அதிலிருந்து சூடான காற்றை முன்கண்ணாடிக்குக் கொண்டுசெல்லும் டிஃப்ராஸ்டரும் அத்தகைய கருவிகள்.

தமிழ்நாட்டில் இக்கருவிக்கு உண்மையான வேலை உள்ள இடங்கள் மிகச் சிலவே. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், பெருமாள்மலையைக் கடந்து, வெள்ளி நீர்வீழ்ச்சியை ஒட்டி அமைந்த செண்பகனூர் அவற்றுள் ஒன்று. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே, பள்ளத்தாக்கிலிருந்து எழும் மேகம் நேராக வந்து மோதும் சரிவில் இவ்வூர் இருப்பதால், சமவெளியின் வெயிலில் புறப்பட்ட கார் ஓரிரு மணி நேரத்தில் ஈரமான குளிருக்குள் நுழைந்துவிடுகிறது. உள்ளே நால்வர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து வெண்திரையாகிறது. கொண்டையூசி வளைவில் எதிரே வரும் பேருந்தை, துணியால் துடைத்த உள்ளங்கை அகல வட்டத்தின் வழியே பார்க்க வேண்டிய நிலை அப்போதுதான் உண்டாகிறது.

கண்ணாடி இவ்வாறு மங்குவதும் தெளிவதும் எளிய இயற்பியல் விதி ஒன்றைச் சார்ந்தவை. 15 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 13 கிராம் நீராவியையே தாங்கும். அதே காற்று 30 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 30 கிராம் வரை தாங்கும். ஆகவே, வெளியிலிருந்து வரும் ஈரக்காற்றைச் சூடாக்கிக் கண்ணாடியின் மேல் வீசினால், நீர் கூடுவதற்கு மாறாகக் குறைகிறது. காற்றுக்குத் தாகம் எடுத்துவிட்டது என்றே சொல்லலாம். இச்சூட்டுக்கென்று தனியாக எரிபொருள் செலவழிவதில்லை. பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்ஜினைக் குளிர்விக்கும் நீரில் வெப்பமாகக் கலந்து வீணாகிறது. அந்நீரின் ஒரு பகுதியை ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே திருப்பி, 'கோர்' எனப்படும் சிறிய பித்தளைக் குழாய் அடுக்குக்குள் ஓடவிட்டு, அவ்வடுக்கின் ஊடாகப் புளோயர் மோட்டாரால் காற்றை ஊதுவதே ஹீட்டரின் முழு வேலை. தகரப் பெட்டிக்குள் உள்ள கதவு போன்ற ஒரு தகடு, கம்பியால் இழுக்கப்பட்டு, அக்காற்றைக் காலுக்கோ கண்ணாடிக்கோ பிரித்து அனுப்புகிறது.

சமவெளியில் இக்கருவி வேண்டாத விருந்தாளியாகவே இருந்துவந்தது. இங்கிலாந்திலேயே 1950-களில் பல கார்களுக்கு அது தனிவிலை கொடுத்து வாங்கவேண்டிய கூடுதல் பொருளாக இருந்த நிலையில், மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் வழிவந்த அம்பாசடரையும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் மதுரை வெயிலில் ஓட்டியவர் அதைத் தேடியிருக்கக் காரணமில்லை. இருந்த வண்டிகளிலும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்து நீர் உள்ளே போகாமல் செய்வது மெக்கானிக்குகளின் வழக்கமாயிற்று. இன்ஜின் கொதித்துவிடும் என்ற அச்சத்தால் தெர்மோஸ்டாட்டையும், அதாவது 80 டிகிரியை ஒட்டிய வெப்பம் வரும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து நிறுத்தும் வால்வையும், கழற்றி எறிந்துவிடுவர். அந்த வண்டி மலைக்கு வந்தபின் ஹீட்டரை எவ்வளவு செம்மையாகப் புதுப்பித்தாலும், இறக்கத்தில் இன்ஜின் நீர் வெதுவெதுப்பாகவே இருப்பதால், கண்ணாடி தெளிவதில்லை. கருவியின் குறை கருவிக்கு வெளியே இருக்கக்கூடும் என்பதை மெய்யியல் மாணவன் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்திய மெய்யியலில் சூடான நீர் ஒரு பழைய எடுத்துக்காட்டு. உலகப் பொருள்களைத் திரவியம், குணம், கருமம் முதலாக வகுத்து ஆராயும் வைசேடிகத்தின்படி, சூடு தீ ஒன்றுக்கே இயல்பான குணம். நீரின் தொடுஉணர்வு எப்போதும் குளிர்ச்சியே. வெந்நீரைத் தொடும்போது உணரப்படும் சூடு அதனுள் புகுந்துள்ள தீ அணுக்களுடையதாகும். நீரினுடையதென நாம் ஏற்றிச் சொல்கிறோம். இவ்வாறு வந்தேறியாக அமையும் தன்மையை ஆகந்துகம் என்பர். சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிப் பேசும்போது இதற்கு நெருங்கிய ஒரு கருத்தை முன்வைக்கிறது: உயிர் தனித்து நிற்கும் இயல்பின்றி, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாய் விளங்குகிறது. இதைச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்று குறிப்பர்.

இந்த அளவுகோலைக் கொண்டு ஹீட்டரை நோக்கினால் வியப்பான முடிவு கிட்டுகிறது. சூடு இன்ஜினுடையது, அதைச் சுமப்பது நீர், வீசப்படுவது வெளிக்காற்று, வீசும் விசை பேட்டரியிலிருந்து வருவது. இவற்றைக் கழித்தபின் ஹீட்டருக்கென்று எஞ்சுவது ஓர் ஒழுங்கு மட்டுமே. மிலிந்த மன்னனின் தேரை நாகசேனர் உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டி, அச்சிலோ சக்கரத்திலோ நுகத்திலோ தேர் இல்லை, அவற்றின் கூட்டத்துக்கு வழங்கும் பெயரே தேர் என்று நிறுவிய பௌத்த உரையாடல் கற்றோர் அறிந்தது. தேரின் உறுப்புகளாவது மரமாகக் கண்ணெதிரே கிடந்தன. ஹீட்டரின் வேலையைச் செய்யும் சூடும் காற்றும் அதன் பெட்டிக்குள் ஒரு நொடிக்கு மேல் தங்குவதேயில்லை. பெயரளவிலான உண்மைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று அவருக்குக் கிடைத்திருக்காது.

நியாயப் பள்ளியைச் சேர்ந்த நையாயிகர் இதை ஏற்கமாட்டார். உறுப்புகளின் கூட்டத்தைவிட வேறாக, அவ்வுறுப்புகளில் உறைந்து நிற்கும் 'அவயவி' என்ற முழுப்பொருள் உண்டு என்பது அவர் கொள்கை. முழுப்பொருள் இல்லையெனில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் நகர்வது எங்ஙனம் என்று அவர் கேட்பார். துருப்பிடித்த போல்ட்டுகளோடு போராடி ஹீட்டர் பெட்டியை வெளியே எடுத்த எவருக்கும் இக்கேள்வியின் நியாயம் விளங்கும். ஆனால் இக்கொள்கைக்கு ஒரு கடுமையான விலை உண்டு. ஓர் உறுப்பு நீங்கினாலும் பழைய முழுப்பொருள் அழிந்து புதிய முழுப்பொருள் தோன்றுகிறது என்று நியாய வைசேடிகர் ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒரு நூலை உருவிய துணி வேறு துணி. அப்படியானால் ஹோஸ் கிளாம்பை மாற்றிய கணத்திலேயே பழைய ஹீட்டர் இல்லாமற் போயிற்று. பின்னும் 'அதே ஹீட்டர்' என்று சொல்வது, நேற்றைய விளக்கின் சுடரையும் இன்றைய சுடரையும் இனம் ஒன்றாயிருத்தல் பற்றி ஒன்றெனக் கொள்வது போன்ற வழக்காகவே முடியும்.

சூளையிலிட்ட குடத்தைப் பற்றி இவ்விரு பள்ளிகளும் நடத்திய வழக்கும் இங்கே நினைக்கத்தக்கது. பச்சைமண் குடம் தீயில் வெந்து சிவக்கும்போது அணுக்களாகச் சிதறி, நிறம் மாறி, மீண்டும் கூடிக் குடமாகிறது என்பர் வைசேடிகர். இக்கொள்கை பீலுபாகவாதம் எனப்படும். குடம் சிதறாமல் முழுமையாகவே வேகிறது என்பர் நையாயிகர், இது பிடரபாகவாதம். சூளையின் துளை வழியே பார்ப்பவருக்குக் குடம் முழுதாகவே தெரிகிறது என்ற எளிய மறுப்புக்கு, சிதைவும் கூடுதலும் புலனுக்கு எட்டாத விரைவில் நிகழ்வதாக வைசேடிகர் விடை கூறினர். ரேடியேட்டர் கடையில் கோரைப் பிரித்து, உப்பு நீக்கி, மறுபடி பற்றவைக்கும் வேலையில் அந்தச் சிதைவு வெளிப்படையாக, மேசையின் மீது, ஒரு பகல் முழுதும் நடக்கிறது. வைசேடிகர் கற்பனையில் கண்டது இங்கே கைத்தொழில்.

செண்பகனூரிலேயே வேறொரு மெய்யியல் மரபு நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. இயேசு சபையினரின் மதுரை மறைத்தளம் 1895-இல் இங்கு நிறுவிய திரு இருதயக் கல்லூரியைப் பலர் அதன் அருங்காட்சியகத்தாலும் ஆர்க்கிட் செடிகளாலும் மட்டுமே அறிவர். அங்கே தங்கிய துறவியருக்கு மெய்யியலே முதற்பாடமாக இருந்தது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1879-இல் விடுத்த சுற்றுமடலுக்குப் பின் கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் புனித தோமா அக்குவினாவின் மெய்யியல் அடித்தளமாக அமைந்தது. அம்மரபில் ஒவ்வோர் இயற்கைப் பொருளுக்கும் அதை அதுவாக ஆக்கும் உள்ளீடான வடிவம் உண்டு; செண்பக மரம் இலைகளை உதிர்த்தாலும் அதே மரமாக இருப்பது அவ்வடிவத்தால். மனிதன் செய்த பொருளுக்கு அத்தகைய வடிவம் கிடையாது. அதன் வடிவம் மேலிருந்து ஏற்றப்பட்ட ஒழுங்கு மட்டுமே; பொருளாக நிலைத்திருப்பவை இரும்பும் பித்தளையும்தான். ஆகவே தோமாவின் மாணவர் ஹீட்டரின் ஒருமை குறித்துப் பதற்றமடைய வேண்டியதில்லை. விடை தெளிவானது, ஆயினும் வினாவைத் தீர்ப்பதற்குப் பதிலாக அதைத் தள்ளுபடி செய்துவிடுகிறது என்ற குறை அதற்குண்டு.

ஆங்கிலேய மெய்யியலார் தாமஸ் ஹாப்ஸ், பலகைகள் அனைத்தும் மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் குறித்து 1655-இல் வெளிவந்த தம் நூலில் ஒரு குறும்பான கேள்வியைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து அதே வரிசையில் மீண்டும் கட்டினால் எது உண்மைக் கப்பல்? சென்னை புதுப்பேட்டைக்கு இது புதிர் அன்று, பிழைப்பு. ஒரு காரின் கழிவு உறுப்பு காயலான் கடைக்குப் போய் அங்கிருந்து மற்றொரு காரின் 'ஒரிஜினல்' உறுப்பாக உயிர்பெறுவது அங்கே நாள்தோறும் நடக்கிறது. அரசோ இச்சிக்கலை வேறு விதமாக அறுத்துவிட்டது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து மூல வடிவில் பேணப்படும் வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிய இடமளிக்கின்றன. மூல வடிவம் கெட்டதாகக் கொள்வதற்குச் சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் செய்யும் மாற்றங்களையே அவை சுட்டுகின்றன. சட்டத்தின் கண்ணில் ஹீட்டர் காரின் ஒருமைக்குப் புறம்பானது.

இவ்வனைத்தையும்விட இவ்வினாவுக்கு அருகில் வருவது கோயில் திருப்பணி பற்றிய ஆகம மரபே எனலாம். ஏனெனில் மற்றவர் உறுப்பு மாறியபின் நின்று கேட்கிறார்கள். ஆகமம் மாறுவதற்கு முன்பே கேட்கிறது. பழுதுற்ற கோயிலைப் புதுப்பிக்கும் சீரணோத்தாரணத்தின்போது, மூலவரின் ஆற்றல் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் கும்பநீருக்கு ஈர்க்கப்பட்டு, பாலாலயம் எனப்படும் தற்காலிகச் சன்னிதியில் மரப்பலகையிலோ படத்திலோ நிலைநிறுத்தப்படுகிறது. பூசை ஒரு வேளையும் நிற்பதில்லை. பணி முடிந்தபின் அது மூலத் திருமேனிக்குத் திரும்புகிறது. திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தனமோ கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் செய்யும் சாந்து. பன்னிரண்டு ஆண்டுகளில் காய்ந்து வெடித்துவிடும் என்று தெரிந்தே சாத்தப்படுவது. அதைச் சுரண்டி எடுத்துப் புதிது சாத்தும்போது இறைவன் வேறாகிவிட்டான் என்று எந்த அடியாரும் எண்ணுவதில்லை.

ஆனால் இம்மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள பழனியில் நேர்ந்ததும் கருதத்தக்கது. போகர் செய்ததாக வழிவழி நம்பப்படும் நவபாஷாணத் திருமேனி தேய்ந்துவருகிறது என்ற கவலையை முன்னிட்டு, 2004-இல் ஐம்பொன்னாலான திருமேனி ஒன்று கருவறையில் வைக்கப்பட்டது. பக்தர்களின் எதிர்ப்பு வலுத்ததால் சில மாதங்களில் அகற்றப்பட்டது. ஆற்றலைக் கும்பத்துக்கும் பலகைக்கும் மாற்றலாம் என்று ஒப்பும் அதே மக்கள், மூலப்பொருளின் இடத்தில் இன்னொன்றை ஒப்பவில்லை. இது முரண்பாடு போலத் தோன்றினும் முரண்பாடன்று. தேயவேண்டியதற்கும் தேயக்கூடாததற்கும் இடையே அவர்கள் தெளிவாகக் கோடு கிழித்தார்கள். சாந்து தேய்வதற்காகவே உள்ளது. திருமேனியின் தேய்மானம் இழப்பு. ஒரு பொருளின் ஒருமையை அதன் பருப்பொருள் முழுவதிலுமோ, ஒழுங்கு மட்டிலுமோ தேடுவோர் தவறவிடும் வேறுபாடு இதுவே: ஒரே பொருளின் உறுப்புகள் அனைத்தும் ஒரே வகையில் அப்பொருளுக்கு உரியவை அல்ல.

ஹீட்டரைப் புதுப்பிப்பவரின் மேசையில் இவ்வேறுபாடு கைக்குத் தட்டுப்படும் ஒன்றாகிறது. ரப்பர் ஹோஸ்கள், கதவுத்தகட்டின் ஓரத்தில் ஒட்டிய, தொட்டால் பொடியாக உதிரும் ஃபோம், மோட்டாரின் கார்பன் பிரஷ், கண்ணாடிக்குக் காற்றைச் சுமக்கும் அட்டைக்குழல் ஆகியவை அட்டபந்தனத்தின் இனம். அவற்றைச் செய்தவனே அவை மாற்றப்படும் என்று எண்ணித்தான் செய்தான். பழமையின் பெயரால் வெடித்த ஹோஸை வைத்திருப்பது பக்தியாகாது. தயாரிப்பாளரின் தகடும், அச்சு எண்ணும், தொழிற்சாலையில் ஒருவர் அவசரத்தில் பூசிய வண்ணத்தின் வழிசலும் உள்ள தகரப்பெட்டி மறுபக்கத்தில் நிற்கிறது. துருவைச் சுரண்டி நிறுத்தலாம். பளபளப்புக்காக மணல்வீச்சில் அனைத்தையும் துடைத்துவிட்டுப் புதுவண்ணம் பூசினால், மிஞ்சுவது நல்ல ஹீட்டர், ஆனால் சாட்சியற்ற ஹீட்டர். பன்னாட்டுப் பழங்கார்க் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டியூரின் சாசனமும், புதுப்பித்தலைவிடப் பேணுதலுக்கே முதலிடம் தருகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே கிடந்து தொல்லை தருவது கோர். அது மூல உறுப்பு. கைவேலை நேர்த்தியும் உடையது. ஆயினும் தேய்வதற்கே பிறந்தது. கூலண்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றிய வண்டிகளில் அதன் குழாய்கள் உப்புப் படிந்து அடைந்திருக்கும். முனைகளை அடைத்து, ரேடியேட்டர் மூடியில் குறித்த அழுத்தத்தைச் சற்றே மிஞ்சும் அளவுக்குக் காற்றேற்றி, வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால், ஒழுகும் இணைப்பிலிருந்து மணிமணியாகக் குமிழ்கள் எழும். ஓரிடத்தில் எழுந்தால் பற்றவைக்கலாம். தகடுகளுக்கு நடுவே பல இடங்களில் எழுந்தால் பற்றவைப்பு ஒன்றை அடைத்து இன்னொன்றைத் திறக்கும். அத்தகைய கோரை மூலப்பொருள் என்பதற்காக மீண்டும் பொருத்துவோர் உண்டு. அதன் விளைவு விநோதமானது: கசியும் கூலண்ட் ஆவியாகி, இனித்த நெடியோடு காற்றில் கலந்து, முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான படலமாகப் படிகிறது. கண்ணாடியைத் தெளிவிக்க வந்த கருவியே அதை மங்கச் செய்கிறது. பருப்பொருள் அனைத்தும் பழையது, ஒழுங்கும் பழையது. இருந்தும் அங்கே ஹீட்டர் இல்லை. பொருளின் ஒருமையில் அதன் தொழிலுக்கும் பங்குண்டு என்று வாதிட இதைவிட வலிய சான்று வேண்டியதில்லை. அக்கோரை மாற்றுவதே முறை. கழற்றியதைப் பெட்டியிலிட்டு வண்டியோடு வைப்பது விரும்பத்தக்கது, கட்டாயமன்று.

இனி, ஹீட்டரே இல்லாமல் விற்கப்பட்டு, அறுபது ஆண்டு சமவெளியில் ஓடி, இப்போது செண்பகனூரில் குடியேறியிருக்கும் ஒரு காரில் அதே காலத்து ஹீட்டரைத் தேடிப்பிடித்துப் பொருத்துவதை என்னவென்று சொல்வது? அது புதுப்பித்தல் ஆகாது. இழந்ததை மீட்பதுதான் புதுப்பித்தல், இங்கே இழப்பு ஏதுமில்லை. பேணுதலும் ஆகாது. ஏற்கனவே உருப்பெற்ற கோயிலில் புதிதாக ஒரு பரிவாரச் சன்னிதி எழுப்புவதற்கே இது இணையாகும். அதற்கு ஆகமம் தடை சொல்வதில்லை. மூலவரின் இடத்தை அது கொள்ளக்கூடாது என்று மட்டுமே வரையறுக்கிறது. காரின் உடற்கூட்டில் தொழிற்சாலையே ஹீட்டருக்கென்று விட்டுவைத்து மூடித் தகட்டால் அடைத்திருக்கும் துளைகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்தலாம். புதிதாகத் துளையிட நேர்ந்தால் அவ்வேலையை விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவை இரு விரற்கடை இறக்கி, துணியோடு ஓட்டுவது மேல்.